மகராசன் வாங்காத பட்டன்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி ஆகப் பத்து நிமிஷம் இருக்கும்போதே அந்த வீட்டில் பேச்சுமூச்சு நின்றுவிடும். அடுப்பில் எது கொதித்தாலும் இறக்கி வைத்தாகிவிடும். அளவு கொடுக்க யாராவது வாசலில் வந்து நின்றால், "அஞ்சே காலுக்கு மேல வாங்க, இப்ப நாங்க வீட்டுல இல்ல" என்று வீட்டுக்குள்ளிருந்தே குரல் வரும். கம்ப்யூட்டருக்கு முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, பட்டனக்கா உட்கார்ந்துவிடுவாள். அவளுக்குப் பின்னால் ஜன்னலோரத் தையல் மிஷினில் அவள் புருஷன் டெய்லர். வாரம் பூராவும் ஆடி அசைந்து தைக்கிற மனுஷன், அந்தப் பத்து நிமிஷம் மட்டும் தலைதெறிக்க மிதிப்பார்.

"எப்பப் பாரு, ஏலம் முடியுற நேரத்துக்குத்தான் உங்களுக்கு அவசர வேலை வரும்!" என்று அவள் திரும்பாமலே சலித்துக்கொள்வாள்.

"ஆமா, வருது. என்ன பண்ணச் சொல்றே?" என்பார் டெய்லர். அந்த அவசர வேலை என்ன வேலை என்பது அவருக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும். கடவுள் வெளியே சொல்லவில்லை.

பட்டனக்கா என்பது தெரு வைத்த பேர். அதற்குக் காரணம் பதினேழு மூட்டை. ஒரு பட்டன் கம்பெனியை இழுத்து மூடினார்கள். அங்கே மிச்சம் கிடந்ததைப் பழைய சாமான்காரர் ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது டெய்லர் கடைக்கு முன்னால் டயர் காற்றுப் போய்விட்டது. சும்மா இருக்க மாட்டாமல் டெய்லர் ஒரு மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பார்த்தார். குளுகுளுவென்று இருந்தது. அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார். மூட்டை பதினேழும் இறங்கிவிட்டன.

அப்போது அவள் துணி கம்பெனியில் காஜா அடித்துக்கொண்டிருந்தாள். சட்டையில் பட்டன் நுழைகிற ஓட்டை இருக்கிறதே, அந்த ஓட்டை. நாளைக்குப் பத்து மணி நேரம் ஓட்டை போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், படுக்கிற இடத்தில் மூட்டை. "ஓட்டை போட்டுப் போட்டு நான் செத்துக்கிட்டிருக்கேன். நீங்க அதை மூடுறதுக்கு லோடு லோடா இறக்குறீங்களா?" என்று அன்றைக்கு அவள் ஆடிய ஆட்டம் நாலு வீட்டுக்குக் கேட்டது.

படுக்க இடம் வேண்டுமே என்றுதான் முதல் மூட்டையைப் பிரித்தாள். பிரித்தவள் விடவில்லை. ரெண்டு ஓட்டை தனி, நாலு ஓட்டை தனி, அடியில் கால் வைத்தது தனி. அப்புறம் நிறம், அப்புறம் அளவு. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் ஓட்டைக்குள் இருக்கிற அழுக்கை எடுத்து, பழைய போர்வையில் பரப்பிக் காயவைப்பாள். காற்றாடியைப் போட விடமாட்டாள், சின்னப் பட்டன் உருண்டுவிடும் என்று. வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பார் டெய்லர். காய்ந்ததை நூறு நூறாகக் கூறு கட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் ஏலத்துக்கு விட்டாள். தெரிந்த பெண் ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள். ரெண்டு வருஷத்தில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக்கிக்கொண்டாள்.

ஏலம் கேட்கிறவர்கள் ஒருவர் முகத்தையும் அவள் பார்த்ததில்லை. ஆனால் எல்லாருக்கும் பேர் வைத்திருந்தாள். அதில் ரெண்டு பேர் முக்கியம். ஒன்று, பல்லி. ஏழு நாளும் சுவரோடு சுவராக அசையாமல் இருந்துவிட்டு, கடைசிப் பத்து செகண்டில் லபக்கென்று பாய்ந்து, இருக்கிற விலைக்கு மேலே ஒண்ணே ஒண்ணு கூட்டிப்போட்டுக் கவ்விக்கொண்டு போய்விடும். "ஒத்தக் காசு ஏத்துது பாருங்க, பிசுநாறி!" என்று பட்டனக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்னொன்று, மகராசன். அவர் தாராளக்காரர். கூறு சோர்ந்து கிடக்கிற நேரம் பார்த்து வந்து தூக்கிவிடுவார். பல்லி பாயப்போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே விலையைக் கொண்டுபோய் மேலே வைத்துவிடுவார். "யார் பெத்த புள்ளையோ, மகராசன், நல்லா இருக்கணும்" என்று அவள் ஞாயிறு தவறாமல் வாழ்த்துவாள். டெய்லர் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டு மிதிப்பார்.

குனியாமல் என்ன செய்வார்? அந்த மகராசன் அவர்தானே.

அது ஆரம்பித்தது இப்படி. அழகான நீலப் பட்டன், கூறு கட்டி விட்டிருந்தாள். ஒரே ஒரு ஆள் கேட்டு, டீ குடிக்கிற காசுக்கு அது போய்விட்டது. பட்டனக்கா எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பவும் எடுத்துத் தேய்த்தாள்.  அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மிஷினுக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு, வேறு பேரில் ஒரு கணக்கு திறந்து, ஒரே ஒரு தடவை விலை ஏற்றினார். அவள் முகம் மலர்ந்ததே ஒரு மலர்ச்சி! அதற்கப்புறம் அந்த மனுஷனால் சும்மா இருக்க முடியவில்லை. விரல் தட்டுகிற சத்தம் கேட்காமல் இருக்கத்தான் அந்த மிதி.

சில சமயம் பல்லி பின்வாங்கிவிடும். கூறு மகராசன் தலையிலேயே வந்து விழும். அப்போது தையல் கூலியிலிருந்து பணம் கட்டி வாங்குவார். விலாசத்துக்குப் பக்கத்து ஊரில் இருக்கிற தன் பழைய சிநேகிதர் கட்டிங் மாஸ்டர் வீட்டைக் கொடுத்திருந்தார்; அந்த வீட்டு விலாசம் அவளுக்குத் தெரியாது. அவள் ஆசை ஆசையாகக் கட்டித் தருகிற பார்சலை அவரே தபாலாபீஸுக்குத் தூக்கிக்கொண்டு போய், வரிசையில் நின்று, ஸ்டாம்பு ஒட்டித் தனக்குத் தானே அனுப்பிவிட்டு வருவார். ஏழு வருஷம் இந்தக் கூத்து நடந்தது. தப்பு என்று தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் இதுதான் கடைசி என்றுதான் போனை எடுப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு நாள், ரொட்டியை டீயில் தோய்த்துக்கொண்டே, "ஏங்க, ஏலத்தை விட்டுடலாம்னு இருக்கேன்" என்றாள் பட்டனக்கா.

டெய்லருக்குப் புரை ஏறிவிட்டது.

"கமிஷனை மறுபடியும் ஏத்திட்டாங்க. கேட்டுட்டுக் காசு கட்டாம ஓடுறவன் வேற. அது கூடப் பரவால்ல. கழுவுறது நான், காயப்போடுறது நான், கண்ணு பூத்துப் போற மாதிரி அளவெடுக்கிறது நான். விலை சொல்றது மட்டும் எவனோ! ஒரு தடவையாவது என் பட்டனுக்கு நான் வாயைத் திறந்து விலை சொல்லியிருக்கேனா? சொந்தமா கடை போடப் போறேன். கம்ப்யூட்டர்லயே. வெப்சைட்டு."

"போடு, போடு! தாராளமா போடு!" என்றார் டெய்லர். விட்டது சனியன் என்று இருந்தது அவருக்கு. ஏலம் இல்லையென்றால் மகராசனும் இல்லை. அன்றைக்கு ரெண்டு ரொட்டி கூடச் சாப்பிட்டார்.

"ரெண்டையும் வெச்சுக்கிட்டு மாரடிக்க முடியாது. கடை தயாரானதும் அந்த மாசக் கடைசியில ஏலக் கணக்கை மூடிடுறேன். மூணு மாசம் பார்ப்பேன். கடை ஓடலைன்னா வெக்கப்படாம மறுபடி கம்பெனிக்குக் காஜா அடிக்கப் போயிடுவேன்" என்றாள்.

"சேச்சே, அதெல்லாம் ஓடும்."

ரெண்டு மாசம் அவளுக்கு நிற்க நேரமில்லை, உட்கார நேரமில்லை. வீடியோ பார்த்துப் பார்த்து அவளே கடையைக் கட்டினாள். கூடை எங்கே வரணும், பணம் கட்டுகிற இடம் எங்கே வரணும் என்று காகிதத்தில் கட்டம் போட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தட்டினாள். மழைக்காலம் வேறு. ஜன்னல் வெளிச்சம் கால் மணி நேரம் வரும், போகும். வெயில் எட்டிப்பார்த்த உடனே, "ஏங்க, ஓடியாங்க, சூரியன் வந்துட்டான்!" என்று கத்துவாள். டெய்லர் இஸ்திரி மேஜையில் வெள்ளைத் துணியை விரித்துப் பிடிக்க, அவள் படம் எடுப்பாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் விலை போடுகிற நாள் வந்தது. பட்டனக்கா ஒரு நீளமான நோட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். எந்தக் கூறு என்றைக்கு என்ன விலைக்குப் போனது என்று ஆதியிலிருந்து எழுதி வைத்த நோட்டு.

"இதுல இருக்கிற விலையை அப்படியே போட்டுடலாம். குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்."

டெய்லருக்கு அப்போதுதான் சுருக்கென்றது. அந்த விலையில் பாதி, அவர் மிஷினுக்கு அடியிலிருந்து ஏற்றிவிட்ட விலை.

"கொஞ்சம் குறைச்சுப் போடலாமேம்மா..."

"ஏன் குறைக்கணும்? ஊரே கேட்ட விலைங்க இது!"

அந்த ஊரில் குடியிருப்பது தான் ஒருத்தர்தான் என்று டெய்லர் எந்த வாயால் சொல்வார்? "புதுக் கடை, அதான்..." என்று இழுத்தார்.

"புதுக் கடைன்னா? சாமான் அதே சாமான்தானே? உங்களுக்கு எப்பவுமே என் பட்டன்னா இளக்காரம். உங்களை விட அந்த மகராசனுக்கு அதோட அருமை தெரியும்" என்று ஒரே போடாகப் போட்டாள். 

மாசக் கடைசியில் ஏலக் கணக்கை மூடினாள். ஒன்றாம் தேதி கடை திறந்தது. தெரிந்த எல்லாருக்கும், ஏலத்தில் வாங்கினவர்களுக்கும் கடையின் விலாசத்தை அனுப்பினாள். தினம் காலையில் எழுந்ததும் முகம் கழுவாமல் போய்க் கம்ப்யூட்டரைத் திறப்பாள். ஒன்றும் இருக்காது. மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. வாசல் பெருக்குகிற மாதிரி கடையைத் திறந்து திறந்து பார்த்தாள். போணி ஆகவில்லை. ஒரு வாரம், ரெண்டு வாரம், அஞ்சு வாரம். நிஜக் கடையாக இருந்தால் ஈயாவது ஓட்டலாம், இதில் ஓட்டுவதற்கு ஈ கூட வரவில்லை.

"கோளாறு எதுவும் இருக்குமோ?" என்று அவளே தன் கடையில் ஒரு கூறு வாங்கிப் பார்த்தாள். ஒழுங்காக வேலை செய்தது. அதைப் பார்த்து அவளுக்கு இன்னும் துக்கமாகிவிட்டது.

இந்த நேரத்தில்தான் கட்டிங் மாஸ்டர் போன் பண்ணினார். சும்மாவே அவருக்கு ஊருக்கே கேட்கிற தொண்டை.

"டேய், கட்டிலுக்கு அடியில இருக்கிற உன் பார்சலை எப்பத்தான்டா எடுப்பே? இருபத்திமூணு இருக்கு. என் வீட்டுக்காரி பெருக்குமாறை நுழைக்க முடியலைன்னு தினம் என்னைப் பெருக்கிட்டிருக்கா!"

"நூல் விஷயமா அப்புறம் பேசுறேன் மாஸ்டர்" என்று டெய்லர் போனை அமுக்கினார்.

"எந்த நூல்?" என்றாள் பட்டனக்கா.

"வெள்ளை நூல்."

ஆறாவது வாரம் அவள் அலமாரியிலிருந்து கம்பெனிக்குப் போடுகிற பழைய செருப்பை எடுத்துத் துடைத்து, வார் அறுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். "மூணு மாசம்னேன். இப்பவே கேட்டு வெச்சாத்தான் இடம் கிடைக்கும்" என்றாள். அழவில்லை, கோபப்படவில்லை. டெய்லருக்கு அன்றைக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தடவை தொண்டையைச் செருமினார். மூன்றாவது தடவை அவள் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள், தொண்டை கட்டியிருக்கிறது என்று. குடித்தார். வேறென்ன செய்ய?

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. பட்டனக்கா பாதி தோல் சீவிய உருளைக்கிழங்கும் கையுமாக ஓடினாள். ஆர்டர் இல்லை. கடைக்கு வந்த ஒரு கடிதம். அவள் சத்தமாகப் படித்தாள்.

"'அம்மா, உங்க புதுக் கடையைப் பார்த்தேன். ரொம்ப சந்தோஷம். ஏலத்தில் உங்க பட்டனைப் பல வருஷமாக் கடைசி நிமிஷத்துல வாங்கிக்கிட்டிருந்தது நான்தான்.' பாருங்க, பல்லி! பல்லிதான்! தைரியமா எழுதுது பாருங்க!"

"படி, மேல படி."

"'ஒவ்வொரு வாரமும் ஒரு ஆள் வந்து எனக்குப் போட்டியா விலையை ஏத்திக்கிட்டே இருப்பார். உங்க சொந்தக் கடையில அந்த ஆள் தொல்லை இருக்காதுன்னு நம்பி வந்தேன். வந்து பார்த்தா நீங்க அந்த ஆள் சொன்ன விலையையே போட்டு வெச்சிருக்கீங்க. இந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டாங்கம்மா. அதுவும் போக, எனக்குக் கூறு வேண்டாம். ஒத்தை ஒத்தையா கொடுத்தா நான் வாங்கிக்குவேன்.'" கீழே போன் நம்பரும் இருந்தது.

பட்டனக்கா முகம் சிவந்துவிட்டது. "கொழுப்பைப் பார்த்தீங்களா! ஒத்தக் காசு ஏத்துற பிசுநாறி, மகராசனைத் தொல்லைங்குது! இருங்க, அந்த மனுஷனையே கூப்பிடுறேன். பார்சல் விலாசத்துல நம்பர் இருக்கும். 'ஐயா, உங்களை நம்பித்தான் விலை போட்டேன், ஏன் கடைப்பக்கம் வரலை'ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டா என் மனசு ஆறிடும்."

நோட்டைப் புரட்டினாள். நம்பரைக் கண்டுபிடித்தாள். போனை எடுத்தாள்.

"கூப்பிடாதே" என்றார் டெய்லர்.

"ஏன்?"

"அந்த ஆள் அங்க இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க இருக்காரு?"

டெய்லர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து மடித்து வைத்தார். "இங்கதான் இருக்கான்."

அவள் வாசலைப் பார்த்தாள்.

"அங்க இல்லம்மா. மிஷின்ல உக்காந்திருக்கான்."

கொஞ்ச நேரம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. புரிய ஆரம்பித்தது முகத்தில் ஒவ்வொரு இடமாகத் தெரிந்தது. டெய்லர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். நீலப் பட்டன், பாத்திரம் தேய்த்தது, மிஷினுக்கு அடியில் போன், கட்டிங் மாஸ்டர் கட்டில்.

"எட்டு வருஷம்!" என்றாள்.

"ஏழு. முதல் வருஷம் நான் இல்ல."

"பேசாதீங்க! உங்களுக்கே வித்து, உங்க காசையே உங்ககிட்ட வாங்கி, நடுவுல ஏலக்காரனுக்குக் கமிஷன், தபாலாபீஸுக்கு ஸ்டாம்பு! உலகத்துல யாராவது இப்படிக் குடும்பம் நடத்துவாங்களா? ஒவ்வொரு வாரமும் நான் உங்களையா வாழ்த்திக்கிட்டிருந்தேன்?"

"அதைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பே கூசும்."

"கூசும்ல? கூசட்டும்!" என்று உருளைக்கிழங்கைத் தட்டில் போட்டாள். போட்ட வேகத்தில் அது உருண்டு மிஷினுக்கு அடியில் போனது. ரெண்டு பேரும் அதை எடுக்கவில்லை. அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். கோபம் வடிந்து வேறு ஏதோ வந்துவிட்டது குரலில்.

"ஏங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பொய் சொல்லக் கூடாது. உங்களை விட்டா, என் பட்டன் வேற யாருக்காவது வேணுமா, வேண்டாமா?"

டெய்லர் ஆயிரம் ஆறுதல் சொல்லியிருப்பார் பழைய டெய்லராக இருந்தால். அன்றைக்குச் சொல்லவில்லை. "தெரியல. நான் குறுக்க நின்னுட்டேன், அதனால உனக்கும் தெரியாமப் போச்சு, எனக்கும் தெரியாமப் போச்சு" என்றார். பிறகு, "பல்லிக்கு வேணும். அது மட்டும் நிச்சயம். எத்தனை தடவை ஏத்தினாலும் அது திரும்பத் திரும்ப வந்துச்சு" என்றார்.

அவள் அந்தக் கடிதத்தை இன்னொரு தடவை படித்தாள். அப்புறம் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பல்லியின் நம்பரை அழுத்தினாள். டெய்லருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தாள்.

எடுத்தது ஒரு பெண். பின்னால் பெரிய மிஷின் ஏதோ தடதடவென்று ஓடியது.

"நான் பட்டன் கடையிலிருந்து பேசுறேங்க."

"ஐயோ, நீங்களா! ஒரு நிமிஷம் இருங்கம்மா, மிஷினை நிறுத்திடுறேன். நான் சலவைக் கடை வெச்சிருக்கேன். கோட்டு, சட்டை எல்லாம் மிஷின்ல போட்டா பட்டன் உடைஞ்சிடும். உடைஞ்ச பட்டனோட கொடுத்தா மனுஷங்க விடுவாங்களா? அதே மாதிரி ஒண்ணு தேடணும். அந்த ஒண்ணுக்காக உங்ககிட்ட நூறு வாங்குவேன். அதான் ஒத்தக் காசா ஏத்துவேன், எனக்கு வேண்டியது ஒண்ணுதானே. கோவமா இருக்கீங்களா?"

பட்டனக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "கோவப்பட வேண்டியது நீங்கதாங்க" என்றாள். "உங்களுக்கு எதிரா விலை ஏத்துனது எங்க வீட்டுக்காரர். எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். தெரிஞ்சப்புறம் மறைக்க முடியலை."

 டெய்லர் மிஷினின் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரரா?" என்றது அந்தப் பக்கக் குரல். "அடக் கடவுளே. எத்தனை ஞாயித்துக்கிழமை நான் அந்த ஆளைத் திட்டியிருப்பேன் தெரியுமா? என்னை விட அவருக்குத்தான் பட்டன் மேல ஆசை ஜாஸ்தி போலன்னு நினைச்சேன்."

"அவருக்குப் பட்டன் மேல எல்லாம் ஆசை இல்லீங்க" என்றாள் பட்டனக்கா. சொல்லிவிட்டு, அதற்கு மேல் சொல்ல வராமல், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். காது மடல் சிவந்திருந்தது. அந்தப் பக்கத்தில் சலவைக்காரம்மா சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை.

"அதுக்காக நான் பணம் கூடக் கொடுத்தது கொடுத்ததுதானேம்மா" என்றாள் சிரிப்பு அடங்கியதும்.

"ஆமாங்க. அதுக்குத்தான் கூப்பிட்டேன். நீங்க அவர்கிட்டத் தோத்த கூறு இருபத்திமூணும் பிரிக்காம அப்படியே ஒரு கட்டிலுக்கு அடியில இருக்கு. பாதி உங்களுக்கு, சும்மா. அது நான் பண்ண வேண்டியது. மீதியை ஒத்தை ஒத்தையா பிரிச்சு வைக்கிறேன்."

"பிரிக்கவே இல்லையா? அதுல கால் வெச்ச கறுப்பு ஒண்ணு இருக்கணுமே! அது கிடைக்காம ஒரு கோட்டுக்காரர்கிட்ட ஒரு மாசம் பேச்சு வாங்கினேன்!"

"இருக்கு."

"சரி, ஒத்தப் பட்டன் என்ன விலை?"

பட்டனக்கா திரும்பிப் பார்த்தாள். பழக்க தோஷத்தில் டெய்லரின் கை தானாக மேலே எழும்பி, ஏத்து ஏத்து என்று ஜாடை காட்டியது. அவள் முறைத்த முறைப்பில் அந்தக் கை திரும்ப மடிக்குப் போய்விட்டது. நோட்டு பக்கத்தில் திறந்தே கிடந்தது. அதை அவள் மூடி வைத்தாள். ஒரு பட்டனைக் கழுவ எவ்வளவு நேரம், அளக்க எவ்வளவு நேரம், கவரில் போட்டு அனுப்ப என்ன ஆகும் என்று மனசுக்குள் ஒரு ஓட்டு ஓட்டினாள். வாயைத் திறந்து விலையைச் சொன்னாள்.

"கொஞ்சம் குறைக்கக் கூடாதா?"

"இல்லீங்க. அதுதான் விலை."

"ம்... நியாயமாத்தான் இருக்கு. சரி, பிரிச்சு வையுங்க. வாராவாரம் வாங்கிக்கிறேன்."

போனை வைத்துவிட்டு அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். "கேட்டீங்களா? குறைக்கச் சொன்னாங்க. முடியாதுன்னுட்டேன்!"

"கேட்டேன்."

"கை வேற தூக்குறீங்க, கை!" என்று சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அவருக்குக் காட்டக்கூடாது என்று குனிந்து உருளைக்கிழங்கைத் தேடினாள்.

அதற்கப்புறம் பத்து நாள் அந்த வீட்டில் கலியாண வேலை மாதிரி வேலை. கட்டிங் மாஸ்டர் பார்சலையெல்லாம் ஒரு வண்டியில் போட்டுத் தானே கொண்டுவந்து இறக்கினார். "தங்கச்சி, இவன் எனக்கு வாடகையே தரலம்மா" என்று கோள்மூட்டி, முட்டை ரொட்டியும் டீயும் முடித்துவிட்டுத்தான் போனார். கூறுகளை எல்லாம் அவிழ்த்தாயிற்று. வகைக்கு ஒன்று எடுத்து, பக்கத்தில் ஸ்கேலை வைத்து, முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம். டெய்லருக்குத் தண்டனை: ஒவ்வொரு பட்டனையும் சின்ன அட்டையில் நூலால் கட்டி, அளவு எழுத வேண்டும். விலை போடும்போது அந்தப் பக்கமே வரக்கூடாது. விலையை அவளே சொல்லி, அவளே தட்டினாள். சிலதுக்குச் சொல்லிவிட்டு, "ம்ஹூம், அதிகம்" என்று தானே குறைத்தாள். சிலதுக்கு, "இதுக்கு இன்னும் கேக்கலாம்" என்று ஏற்றினாள். டெய்லர் உதட்டில் ஊசியைக் கவ்விக்கொண்டு மூச்சு விடாமல் இருந்தார்.

சலவைக்காரம்மாவின் முதல் ஆர்டர் சொன்னபடி வந்தது. போயும் சேர்ந்தது. ஆனால் அது தெரிந்த ஆள் ஆயிற்றே, கணக்கில் சேருமா?

அந்த வாரம் மழை விட்டு, வெயில் சுள்ளென்று அடித்த ஒரு காலை. டெய்லர் பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. பட்டனக்கா ஈரக்கையோடு போய்க் குனிந்து பார்த்தாள். பச்சை, நாலு ஓட்டை, ஒண்ணே ஒண்ணு. பணம் கட்டியாகிவிட்டது. பேரைப் படித்தாள். விலாசத்தைப் படித்தாள். கேள்விப்படாத பேர், கேள்விப்படாத ஊர். திரும்பவும் படித்தாள்.

மெதுவாகத் திரும்பி டெய்லரைப் பார்த்தாள். "உண்மையைச் சொல்லுங்க."

டெய்லர் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினார். விரலெல்லாம் நூல். "நான் இல்ல."

"மாஸ்டர்?"

"அவனுக்குக் கம்ப்யூட்டரைத் திறக்கவே தெரியாது."

"சலவைக்காரம்மா சொல்லி வந்தவங்களா?"

"அவங்க ஊர் இது இல்லையே."

"அப்ப யாருங்க இது?"

"யாரோ" என்றார் டெய்லர்.

"யாரோவா?"

"யாரோதான். நமக்குத் தெரியாத யாரோ. பட்டன் அறுந்து போச்சு, தேடி வந்திருக்காங்க."

பட்டனக்கா முக்காலியில் உட்கார்ந்தாள். பச்சைப் பட்டன் கட்டிய அட்டையைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "யாரோ" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு வாசலில் அளவு கொடுக்க வந்து நின்ற ஆளிடம், முகமெல்லாம் சிரிப்பாக, "உள்ள வாங்க, உள்ள வாங்க! யாரோ ஒருத்தர் எங்ககிட்ட ஒரு பட்டன் வாங்கியிருக்காங்க!" என்றாள்.